மேடான கோடு

ஜனவரி 9, வியாழன்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம், அம்மா அப்பாவிடம் சொல்லிவிடும். எடுத்த இடத்திலேயே, சமூக அறிவியல் கைடுக்கும் பழைய அட்லஸுக்கும் நடுவில், திருப்பி வைத்துவிடுங்கள்.

என் பெயர் கனிஷ்கா. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா பழைய காசு சேர்க்கிறவர். ஒரு ராஜாவின் காசில் பார்த்து எனக்கு இந்தப் பெயரை வைத்தார். அது ஆண் பெயர் என்று ஆறாம் வகுப்பில் வரலாற்று மிஸ் சொன்னபோது வகுப்பே சிரித்தது. வீட்டில் வந்து அழுதேன். "தெரிஞ்சேதான் வெச்சேன் அம்மிணி" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்திருக்காது.

இன்றைக்கு அப்பா என்னிடம், "வெளியில மூச்சு விடக்கூடாது" என்றார். எனக்கு எதையும் உள்ளே வைத்திருக்கத் தெரியாது, வயிறு வலிக்கும். காகிதத்திடம் சொன்னால் சொன்னதில் சேராது என்று நினைத்து எழுதுகிறேன். நான் படுப்பது காசு ரூமில், உள்ளே தாழ்ப்பாள் உண்டு. அப்பாவின் லென்ஸில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. அந்த வெளிச்சம் ஒரு வரிக்குத்தான் போதும்.

எங்கள் வீட்டு வேலை இதுதான். அப்பா பேக்கரியிலும் பால் பூத்திலும் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்திலும் நோட்டைக் கொடுத்துச் சில்லறை மூட்டை வாங்கி வருவார். மேரி அக்காவும் நானும் ஒவ்வொரு காசாக லென்ஸில் பார்த்து, தப்பாக அச்சான காசைப் பொறுக்கி எடுப்போம். மிச்சத்தை அப்பா பஸ்காரர்களிடம் மாற்றிவிடுவார். காசைக் கழுவக் கூடாது. கழுவியது தெரிந்தால் சேர்ப்பவர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் கழிப்பிட மூட்டையையும் அதன் நாற்றத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மேரி அக்கா, என் வகுப்பு ஜெனிஃபரின் அம்மா. பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் பார்த்தவர். துணியில் ஓட்டை, கறை, நூல் விட்டது எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, "எங்க கம்பெனில டேமேஜ் பீசு வந்தா சம்பளத்துல புடிப்பாங்க பாப்பா. உங்கப்பா என்னடான்னா டேமேஜைத் தேடிப் புடிச்சு மாலை போடறாரு" என்றார். எனக்கு விக்கல் வரும் அளவுக்குச் சிரிப்பு. அவருடைய டம்ளர் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிச் சுவரில் தனியாகக் கவிழ்ந்திருக்கும்.

தப்புக் காசுகளில் பெரியது டபுள் டை. காசை அடிக்கிற அச்சைச் செய்யும்போதே எழுத்து கொஞ்சம் தள்ளி இரண்டாம் முறை பதிந்துவிட்டால் அதுதான் டபுள் டை. அதில் இரண்டு எழுத்துமே உருண்டு திரண்டு நிற்கும், மூலைகளில் பிளவு தெரியும். மெஷின் டபுளிங் வேறு. அது காசை அடிக்கும்போது அச்சு ஆடியதால் வருவது. எழுத்தின் ஓரம் படிக்கட்டு போலத் தட்டையாக நசுங்கியிருக்கும். அதற்கு மதிப்பே இல்லை. நூறு பேர் டபுள் டை என்று கொண்டுவந்தால் நூறும் அதுதான்.

போன நவம்பரில் நான் ஒன்று கண்டுபிடித்தேன். கனமான பழைய ஐந்து ரூபாய். ஆங்கிலத்தில் இந்தியா என்று இருக்கும் எழுத்து ஐந்தும் அழகாகப் பிளந்து நின்றன. முதல் எழுத்திலிருந்து விளிம்பு வரைக்கும் தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. பின்பக்கம் மட்டும், ஐந்துக்குக் கீழே, யாரோ ஆணியால் குத்தியது போல ஒரு பள்ளம். "இந்தப் பள்ளம் இல்லாம இருந்திருந்தா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து, சேர்ப்பவர்கள் குரூப்பில் போட்டார். "இதுவரை கிடைத்தது இது ஒன்றுதான்" என்று கீழே எழுதினார். மைசூரில் இருக்கும் ஒருவர் நாற்பதாயிரம் வரைக்கும் வந்திருக்கிறார்.

இன்று சாயங்காலம் மேரி அக்கா தன் சுருக்குப் பையைத் திறந்து ஒரு ஐந்து ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார். "உங்க மூட்டைல வந்ததில்ல பாப்பா. காலைல பஸ்ல கண்டக்டர் குடுத்த பாக்கி. பாத்துச் சொல்லு."

அதே பிளவு. அதே கோடு. பின்பக்கத்தில் பள்ளம் இல்லை. எங்கள் காசைவிட நன்றாக இருந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"ஜெனி டிப்ளமா சேர இது ஆகும்ல? அப்பாகிட்ட இப்பச் சொல்லிராத பாப்பா. நானே சொல்லிக்கறேன்" என்றார். தோசை சாப்பிடும்போது நான் சொல்லிவிட்டேன். அப்பா கையில் இருந்த துண்டு வாய்க்குப் போகவில்லை. "நெசமாத்தான் பாத்தியா? கோடும் இருந்துச்சா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம்தான், மூச்சு விடக்கூடாது என்றார்.

ஜனவரி 10, வெள்ளி

கணக்குத் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. தண்ணீர் வந்தது, எட்டுக் குடம் பிடித்தேன். பள்ளி விட்டு வரும்போது அப்பா கொடுத்திருந்த கவரை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டேன். மைசூர் முகவரி. இரண்டு அட்டைக்கு நடுவில் வட்டமாக, கெட்டியாக இருந்தது. ரசீதைப் பச்சை ஃபைலில் வைத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று மேரி அக்காவிடம் அப்பா பேசினார். நான் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"மேரி, அந்த அஞ்சு ரூபாயை எங்கிட்டக் குடுத்துரு. ரெண்டாயிரம் தர்றேன்."

"பாப்பா சொல்லிருச்சுங்களா?" என்று மேரி அக்கா சிரித்தார். என் பக்கம் திரும்பியிருப்பார், நான் பார்க்கவில்லை. "வேண்டாங்கண்ணா. மாசக் கடைசில கோயமுத்தூர்ல காசுக் கண்காட்சி போடறாங்களாமா. ஒரு எட்டு போய்க் காட்டீட்டு வர்றேன். நீங்களே நாற்பதாயிரம்னு போன்ல பேசினீங்களே."

"அது ஒண்ணே ஒண்ணுன்னு பேசின வெலை. ரெண்டாவது வந்தா ரெண்டுக்கும் மதிப்பில்ல. உனக்கும் கெடைக்காது, எனக்கும் கெடைக்காது."

"வர்றது வரட்டுங்கண்ணா. எனக்கு நாலாயிரம் கெடைச்சாலும் லாபம்தான்."

"டீ குடிச்சியா?" என்று கேட்டார் அப்பா. அவர் மேரி அக்காவிடம் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஜெனி வீட்டிலிருந்து எங்களுக்கு முறுக்கு வந்தது. அம்மா அதை வாங்கி வைத்தது, யாரும் தின்னவில்லை. நான் மட்டும் இரண்டு தின்றேன்.

ஜனவரி 18, சனி

எழுத்து கோணலாக வந்தால் மன்னியுங்கள்.

காலையில் அப்பா பீரோவைத் திறந்து போட்டுக்கொண்டு, "காசு போச்சு, காசு போச்சு" என்று சத்தம் போட்டார். அம்மா ஓடியது. பக்கத்து வீடுகள் வந்தன. லைன் வீட்டு ஓனர் கிட்டுசாமி பெரியப்பா பல் குச்சியோடு வந்தார். இந்த ரூமுக்குள் யார் யார் வருவார்கள் என்று கேட்டார். அப்பா சொல்லவில்லை. "பாவம், அது புருசன் இல்லாத பொம்பள, வேண்டாங்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யார் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேரி அக்கா எப்போதும் போல ஒன்பது மணிக்கு வந்தார். வாசலில் நிற்கவைத்துக் கேட்டார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். அவரே எடுத்துக் கொடுத்தார். "இது என்ற காசுங்க. பஸ்ல வந்தது. போன ஞாயித்துக்கெழமை இவரே ரெண்டாயிரத்துக்குக் கேட்டாருங்க. கேட்டுப் பாருங்க."

அப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். "என்ற காசை நானே வெலை கேப்பனாங்க?"

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டது.

கிட்டுசாமி பெரியப்பா, "அடையாளம் ஏதாச்சும் இருக்குதா?" என்றார். அப்பா போனில் இருந்த படத்தைக் காட்டினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நான் பாத்தா நான் சொல்றதும்பாங்க. இவ கண்டுபுடிச்ச காசு. இவளே சொல்லட்டும். அம்மிணி, லென்ஸ் எடுத்துட்டு வா."

வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்து பிளந்திருந்தது. கோடு இருந்தது. எல்லோரும் மாற்றி மாற்றி லென்ஸில் பார்த்தார்கள். படத்தையும் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "அட ஆமா, மயிருமாதிரி கோடு" என்று எதிர்வீட்டு அண்ணன் சொன்னார்.

மேரி அக்கா என்னிடம் மட்டும் பேசினார். "பாப்பா, நல்லாப் பாரு. அந்தக் கோடு காசுல விழுந்த கீறல் இல்ல, மேடா நிக்குது. அச்சுல இருந்த கோடு. நிட்டிங் மெஷின்ல ஒரு ஊசி கெட்டுப்போனா, அந்தக் கோடு ரோல் பூரா வரும். ஒரு பனியன்லயா வரும்? ஆயிரம் பனியன்ல வரும். உங்களோடதும் என்னோடதும் ஒரே ரோலு. வேற வேற பீசு."

"பனியனும் காசும் ஒண்ணா?" என்றார் பெரியப்பா. "கவர்மெண்டு என்ன உங்க கம்பெனி சூப்பர்வைசரா?" மறுபடி சிரிப்பு.

"சொல்லு கண்ணு. இதுதானா?" என்றார் அப்பா. அவர் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"ஆமாங்க, இதுதானுங்க" என்றேன்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன், யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஜெனி பள்ளிக்கு வரவில்லை. மேரி அக்காவைச் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்களாம். அடிக்கவில்லை என்கிறார்கள். தரையில் உட்காரச் சொன்னார்களாம். அவர் காலையில் கூட்டிப் பெருக்குகிற இரண்டு வீட்டிலும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஜெனியின் பென்சில் பாக்ஸில் இருப்பதெல்லாம் யாருடையது என்று ஒருத்தி கேட்டாள். சிரிக்கவில்லை நான். சிரிக்காதே என்றும் சொல்லவில்லை.

அப்பா ஸ்டேஷனுக்குப் போய், "பொருள் வந்துருச்சுங்க, கேஸ் வேண்டாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். எவ்வளவு பெரிய மனசு என்று லைன் முழுக்கப் பேச்சு. வரும்போது எனக்கு ஒரு படிக்கிற விளக்கு வாங்கி வந்தார், கழுத்து வளைகிற மாதிரி. "என்ற புள்ளைக்குக் கழுகுக் கண்ணு" என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த விளக்கை நான் போடுவதில்லை. கதவிடுக்கில் வெளிச்சம் போகும் என்பது ஒரு காரணம்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் போய் வந்தேன், ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழையும்போது பொடக்காலியில் டங் டங் என்று சத்தம். அப்பா துவைக்கிற கல்லின்மேல் எதையோ வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் நாலு அடி, திருப்பிப் போட்டு நாலு அடி. பக்கத்தில் அம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தது.

நான் கேட்டேன். "அந்தக் காசாப்பா?"

"திருட்டுக் கை பட்ட காசு. ராசியில்ல" என்றார்.

"நாற்பதாயிரம்னீங்க?"

அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். "அம்மிணி, இனிமே மூட்டைல இதே மாதிரி இன்னொண்ணு வந்தா, வேற யாருகிட்டயும் காட்டாம நேரா எங்கிட்டக் கொண்டாந்து குடுத்துரோணும். புரியுதா?"

"ஒண்ணுதான்னு சொன்னீங்களேப்பா. இன்னொண்ணு எப்பிடி வரும்?"

பதிலை அம்மாதான் சொன்னது. "வாய மூடீட்டுப் போய்ப் படி. பரீட்சைக்கு ரெண்டு மாசங்கூட இல்ல." அப்புறம் கல்லின்மேல் கிடந்ததைத் துடைப்பத்தால் சாக்கடைக்குத் தள்ளியது. அது ஒரு தகரத் துண்டு மாதிரி போயிற்று. சிங்கமும் இல்லை, எழுத்தும் இல்லை.

இன்றைக்குத்தான் கோயமுத்தூரில் கண்காட்சி.

ஜனவரி 29, புதன்

நான் நினைத்தது வந்துவிட்டது.

இப்போது நான் தனியாகத்தான் பொறுக்குகிறேன். பள்ளி விட்டு வந்து இரண்டு மணி நேரம். மேரி அக்கா இருந்தால் ஒரு மூட்டைக்கு நாற்பது தடவை சிரிப்போம். இன்று கழிப்பிட மூட்டை. வழவழவென்று தேய்ந்த காசுகள். நூற்றுக்குமேல் தள்ளியிருப்பேன், லென்ஸுக்குக் கீழே ஒரு ஐந்து ரூபாய் வந்தது. முதல் எழுத்தைப் பார்த்தவுடனேயே லென்ஸை இன்னும் கீழே இறக்கினேன். பிளவு. கோடு. நகத்தால் தடவினேன், மேடாக நிற்கிறது. பின்பக்கம் பள்ளம் இல்லை, விளிம்பில் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

ரோல் பூரா வரும் என்றார். ஆயிரம் பனியன்ல வரும் என்றார்.

கதவு திறந்தது. அப்பா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காசை வாயில் போட்டுக்கொண்டேன். "ஏதாச்சும் வந்துச்சா?" என்றார். தலையை ஆட்டினேன், இல்லை என்று. "மெஷின் டபுளிங்கூட இல்லியா?" மறுபடி ஆட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்தில் யார் யார் கையில் இருந்த காசோ. நாக்குக்கு அடியில் துருவும் மூத்திரமும் பினாயிலும் சேர்ந்தாற்போல் ஒரு ருசி. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்கினேன். "பல்லு வலியா?" என்றார். ஆமாம் என்று ஆட்டினேன். "கிராம்பு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தேன். காசைக் கழுவவில்லை. கழுவக் கூடாது என்பது அப்போதும் நினைவு இருந்தது. எவ்வளவு கேவலம்.

பிப்ரவரி 1, சனி

தூக்கம் இல்லை. எனவே உண்மையை எழுதுகிறேன்.

அன்றைக்கு வாசல் படியில் நான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கேட்கவில்லைதான். ஆனால் நானாகவே பார்த்தேன், ஒரு வினாடி, கட்டை விரலை விலக்கி. பள்ளம் இல்லை. பள்ளம் இருந்த காசை அதற்கு எட்டு நாள் முன்னால் நானே தபாலில் போட்டிருந்தேன். அது என்ன கவர் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். விரலால் தடவிப் பார்த்தே எனக்குக் காசின் வருஷம் தெரியும்.

இன்று அப்பா கடைவீதிக்குப் போனபோது பச்சை ஃபைலைத் திறந்தேன். ரசீது அங்கேயே இருக்கிறது. ஜனவரி பத்து. அதன் பின்னால் மைசூர்க்காரர் அனுப்பிய அட்டை. காசு பதின்மூன்றாம் தேதி கிடைத்தது, பின்பக்கப் பள்ளம் பற்றி முன்பே சொல்லியிருக்கலாம், ஆனாலும் இது ஒன்றே ஒன்று என்பதால் ஏற்றுக்கொண்டேன், இன்னொன்று எங்கேயாவது தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

அப்பாவுக்கு இருபது வருஷமாக இது தொழில். மேடான கோடு அச்சில் இருந்து வருவது, பள்ளமான கீறல் அந்தக் காசுக்கு மட்டும் உரியது என்று எனக்கு எட்டு வயதில் சொன்னவரே அவர்தான். அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வாசலில் மூன்று பேருக்குத் தெரிந்திருந்தது, ஒருவர் மட்டும்தான் சொன்னார், அவரைத்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பல் எப்படி இருக்கிறது என்று அப்பா கேட்டார். பரவாயில்லை என்றேன். ஊர்ப்பட்ட அன்பு.

பிப்ரவரி 5, புதன்

ஜெனியைப் பார்த்தேன். இனி பள்ளிக்கு வரமாட்டாள். அவள் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போகிறாளாம், கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். மதிய இடைவேளையில் கம்பெனி வாசலில் நின்றிருந்தாள். தலைமயிரெல்லாம் பஞ்சு.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்றேன்.

"எதுக்கு? குறையுதான்னு எண்ணிப் பாக்கவா?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் காட்டினேன். கழிப்பிட மூட்டையில் வந்தது, இது ஒன்று போதும், உங்கம்மா சொன்னது சரி என்று யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், வாங்கிக்கொள் என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஜெனி கையை நீட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "உனக்குக் கிறுக்கா கனி? இதை எங்கையில குடுத்தீனா, நாளைக்கு இதையும் நாங்கதான் திருடினோம்பாங்க. அப்பக் கேஸ் நெசமாவே வரும்."

"அப்ப என்ன பண்றது?"

"காசு பேசாதுடி. நீதான பேசினே? இதுதானுங்கன்னு. அதே வாசல்ல, அதே ஆளுங்க முன்னால, இல்லீங்கன்னு பேசு."

"அப்பா என்னைக் கொன்னுடுவாரு."

"எங்கம்மா சோறு திங்கறதில்ல" என்றாள். "தண்ணி குடிக்கறப்பக்கூட டம்ளரை ரெண்டு தடவை கழுவி வெச்சுட்டு, சரியா இருக்குதா, வந்து பாருங்கறா. யாரும் வராத வீட்டுல யாரு வந்து பாக்கறது?" உள்ளே மணி அடித்தது. போய்விட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்று தடவை அம்மாவிடம் வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை அம்மாவே சொன்னது, வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே: "எனக்கு ஒண்ணும் சொல்லாத சாமி. சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்."

பிப்ரவரி 8, சனி

நாளை ஞாயிறு. காலை எட்டு மணிக்குத் தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கிட்டுசாமி பெரியப்பா வீட்டு வாசலில் எல்லோரும் கூடுகிறார்கள். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள். அப்பாவும் இருப்பார்.

நான் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது, சத்தமில்லாமல். பெரியப்பா, ஒரு நிமிஷம். இது கழிப்பிட மூட்டையில் நான் எடுத்தது. இதிலும் அதே கோடு. மேரி அக்கா எடுத்ததும் எங்களுடையது இல்லை. எங்கள் காசில் பின்னால் பள்ளம் இருக்கும். அதை நான் பத்தாம் தேதியே தபாலில் போட்டேன். இது ரசீது. அன்றைக்கு நான் பொய் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னால் இவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகாது. முதல் வார்த்தைக்கு அப்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டால் எதுவும் ஆகாது.

அதனால் இந்த நோட்டும் வேண்டும். காசை இந்தப் பக்கத்தின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், பார்த்தீர்களா. ரசீது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நான் பேச முடியாமல் போனால் நோட்டு பேசட்டும். காலையில் பால் வாங்கப் போகிறபோது பெரியப்பா வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவேன்.

பயமாக இருக்கிறது. சாயங்காலம் அப்பா பச்சை ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் புரட்டினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் தட்டில் ஒரு முட்டை அதிகம் வைத்தார். அப்புறம், "லென்ஸ் எங்க அம்மிணி, காணோம்?" என்றார். காலையில் தேடித் தருகிறேன் என்றேன். அது இப்போது என் கையில் எரிந்துகொண்டிருக்கிறது. பேட்டரி தீரப்போகிறது, வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். அதை அப்படியே விட்டால், எடுப்பவர் நல்லவராக இருந்தால் நான் சொன்னபடி மூடி வைத்துவிடுவார். அது கூடாது. காட்டுங்கள். பெரியப்பாவிடம் காட்டுங்கள், எதிர்வீட்டு அண்ணனிடம் காட்டுங்கள், ஸ்டேஷனில் தரையைக் காட்டி உட்காரச் சொன்னவரிடமும் காட்டுங்கள். இப்போது முதல் பக்கத்தைத் திருப்பி அந்த நாலு வரியையும் அடித்துவிடப் போகிறேன், அடித்துவிட்டு மேலே

கதவைத் தட்டுகிறார்